இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஊர்: திருகோணமலையில் நகரப் பயணத் திட்டத்தைத் தொடங்குவது எப்படி?

திருகோணமலை நகருக்கு ஒரு பக்கம் உட்துறைமுகம், மறு பக்கம் டச்சுக் குடாவும் திறந்த கடலும். நடுவில் இருக்கிற ஒடுங்கிய நிலத்தில்தான் கடைத்தெரு, பஸ் நிலையம், பள்ளிக்கூடங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம். வீதியை அகலமாக்கி நெரிசலைத் தீர்க்க இங்கே இடமில்லை. இருக்கிற அகலத்துக்குள்ளேயே கூடுதல் ஆட்கள் பயமில்லாமல் போய்வர என்ன வழி என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நிலைபேறான நகரப் பயணத் திட்டம் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் இதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டு, 2019 இல் அதைத் திருத்தியது. நான்கு கட்டம், 12 படி. கேட்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது எளிமையான விஷயம்: வாகனம் ஓடுவதற்குத் திட்டம் போடாமல் மனிதர் போய்வருவதற்குத் திட்டம் போடுங்கள், சபை எல்லையோடு நிற்காதீர்கள், சனத்தை ஆரம்பத்திலேயே கேளுங்கள், செய்த பிறகு அளந்து பாருங்கள்.

சபைக்குப் புதிதாக வந்த உறுப்பினர், பிரதேச செயலகத்தில் புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிற பெற்றோர், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற இளைஞர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

முதல் வேலை: சந்தியில் நின்று எண்ணுவது

அறிக்கை எழுதுவதற்கு முன் எண்ணுங்கள். ஒரு செவ்வாய் அல்லது புதன் கிழமையைத் தேர்ந்தெடுங்கள். போயா தினம், பாடசாலை விடுமுறை, திருவிழா நாள் கூடாது. வெள்ளிக்கிழமையையும் தவிருங்கள். ஜும்ஆ நேரத்தில் நகரின் ஓட்டமே வேறு.

நேரம் மூன்று. காலை 6.45 முதல் 7.45 வரை, ஏனென்றால் பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. மதியம் 1.15 முதல் 2.15 வரை, அது பாடசாலை விடுகிற நேரம். பின்னேரம் 4.30 முதல் 5.30 வரை, அலுவலகம் விட்டு வருகிறவர்களுக்கு. ஒவ்வொரு மணித்தியாலத்தையும் 15 நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். கொப்பியில் இந்த நிரல்களைக் கீறுங்கள்: நடப்பவர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார் மற்றும் வேன், பஸ், லொறி. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணுகிற பழைய முறைதான் மிகவும் நம்பகமானது. ஒருவர் வீதியின் ஒரு பக்கம், இன்னொருவர் மறுபக்கம்.

முதன்முதலில் நான் எண்ணப் போனபோது வாகனங்களை மட்டும்தான் எண்ணினேன். வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தால், அந்தச் சந்தியைக் கடந்த அத்தனை பிள்ளைகளும் அதில் இல்லை. பெரும்பாலான போக்குவரத்து ஆய்வுகளில் இதே குறை இருக்கும். எண்ணப்படாதவருக்கு வீதியில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. அதனால் வாகனத்தை எண்ணும்போது அதற்குள் இருக்கிற ஆட்களையும் மதிப்பிட்டு எழுதுங்கள். இருக்கை நிறைந்த ஒரு பெரிய பஸ் ஏறக்குறைய 50 பேரைக் கொண்டு போகும். அந்த 50 பேரும் தனித்தனி மோட்டார் சைக்கிளில் வந்தால் எவ்வளவு வீதி வேண்டும் என்று எண்ணும்போதே உங்களுக்குப் புரியும்.

எண்ணுவதோடு கவனிக்கவும் வேண்டும். ஒரு நாள் காலையில் பார்த்தேன். வெள்ளைச் சீருடை போட்ட ஒரு பிள்ளை, பத்து வயது இருக்கும், சைக்கிளின் முன் கூடையில் புத்தகப் பை. வீதியோரமாக வந்துகொண்டிருந்தாள். முன்னால் ஒரு வேன் நிறுத்தியிருந்தது. அதைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் வீதியின் நடுவுக்கு வர வேண்டும். சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி, தோளுக்கு மேலால் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு பஸ், இரண்டு ஆட்டோ, வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். அவளுக்கு வழி கிடைக்கும் வரைக்கும் என் கடிகாரத்தில் 40 விநாடி. அந்த வேன் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு விநாடியும் போயிருக்காது. கொப்பியின் ஓரத்தில் இப்படியான விஷயங்களையும் எழுதி வையுங்கள். பிறகு கூட்டத்தில் எண்களைவிட இவைதான் ஆட்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

விபத்து விவரமும் தேவை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸிடமிருந்து சந்தி வாரியாகக் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவைச் சொல்ல வேண்டும். கிடைத்ததை ஊர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வையுங்கள்.

ஊரின் எல்லை எது?

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவிலிருந்து வருகிறவர் படகுப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் வந்த பிறகு கிண்ணியாவும் திருகோணமலையும் நாளாந்தம் போய்வருகிற ஊர்களாகிவிட்டன. காலையில் டவுனுக்கு வருகிற மோட்டார் சைக்கிள்களில் ஒரு பங்கு அந்தப் பக்கத்தது. நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளி, கன்னியா, சீனக்குடா, தம்பலகாமம் ஆட்களும் அப்படித்தான். நகருக்குள் மட்டும் திட்டம் போட்டால் நெரிசலின் பாதி உங்கள் வரைபடத்துக்கு வெளியே இருக்கும்.

ஆகவே நகரின் சபையோடு பட்டினமும் சூழலும் பிரதேச சபை, கிண்ணியா நகர சபை, கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் பிரதேச சபைகள் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் கச்சேரிதான், அதாவது மாவட்டச் செயலகம். அரசாங்க அதிபரின் அழைப்பு என்றால் எல்லாச் சபையும் ஆள் அனுப்பும்.

வீதி யாருடையது?

புதியவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. என் அம்மா சில வருடங்களுக்கு முன் சந்தைக்குப் போகும் வழியில், கானை மூடியிருந்த சிலாப் உடைந்த இடத்தில் கால் தவறி விழுந்து கணுக்கால் முறிந்து ஆறு கிழமை கட்டிலில் இருந்தார். அந்தச் சிலாப்பை மாற்றச் சொல்லி மூன்று அலுவலகங்களுக்குப் போனேன். மூன்று இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அது தங்கள் வீதி இல்லை என்றார்கள். அந்த ஆறு கிழமையில்தான் ஒரு வீதிக்கு எத்தனை சொந்தக்காரர் என்று படித்தேன்.

கண்டி வீதியான ஏ-6, அனுராதபுரம் போகிற ஏ-12, மட்டக்களப்பு வீதியான ஏ-15 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. ஒழுங்கைகளும் உள்வீதிகளும் உள்ளூராட்சி மன்றத்துடையவை. காணிப் பயன்பாட்டுத் திட்டம் 1978 இல் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையிடம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழி அனுமதி மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிடம், மாகாணம் விட்டு மாகாணம் போகிற பஸ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது. பாதசாரிக் கடவையில் வாகனத்தை நிறுத்துவது பொலிஸ். இதற்குள் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டுகிறவர்களும் மின்கம்பம் நடுகிறவர்களும் வேறு.

ஒரு பெரிய தாளில் நீங்கள் தேர்ந்தெடுத்த வீதியைக் கீறி, ஒவ்வொரு துண்டின் மேலும் அதன் சொந்தக்காரர் பெயரையும் பொறுப்பான பதவியையும் எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், அவர் இடமாற்றத்தில் போய்விடுவார். எல்லோரும் அதைப் பார்த்துச் சரி என்று ஒப்பமிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. என் அனுபவத்தில் பணத் தட்டுப்பாட்டால் நின்ற வேலைகளைவிட இந்தத் தாள் இல்லாமல் நின்ற வேலைகள்தான் அதிகம்.

கேட்கப் போவது எப்படி?

கிழமை நாளில் காலை 10 மணிக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் உத்தியோகத்தர்தான் வருவார்கள். பஸ்ஸில் போகிறவர் அந்த நேரம் வேலையில் இருப்பார். திருக்கடலூர் மீனவரிடம் பேச வேண்டுமென்றால் தோணி கரைக்கு வருகிற நேரத்தில் கரைக்குப் போங்கள். தாய்மாரைப் பள்ளிக்கூட வாசலில் காணலாம். சந்தை வியாபாரிகளை மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு காணலாம். அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். இங்கே மூன்று சமூகமும் அதே நடைபாதையில்தான் நடக்கிறது.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், கேட்கப் போகிறவரும் பெண்ணாக இருக்கட்டும். இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் போகும் பெண்களில் 90 சதவீதமானோர் ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவை அனுபவித்திருக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆண்களும் பெண்களும் கலந்திருக்கிற கூட்டத்தில் இதை யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள். தரிப்பிடத்தில் வெளிச்சம் இல்லை, பின்னேர பஸ் நெருக்கியடிக்கிறது, அதனால் மகளுக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தோம் என்று தனியாகத்தான் சொல்வார்கள். ஒரு தெருவிளக்கு இல்லாதது கடைசியில் வீதியில் ஒரு வாகனம் கூடுவதில் போய் முடிகிறது.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் "நல்ல றோட்டு" என்பார்கள். "நேற்றுக் காலையில் வீட்டிலிருந்து எப்படிப் போனீர்கள், எந்த இடத்தில் பயந்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். வேப்ப மரத்தடியில் பழம் விற்கிற ஒரு அம்மா என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "தம்பி, பாதை போடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா இந்த மரத்தை மட்டும் வெட்டிப்போடாதீங்கோ. கச்சான் காத்தடிக்கிற நேரம் பஸ்ஸுக்கு வாற சனமெல்லாம் இதுக்குக் கீழதான் வந்து நிக்குது." கச்சான் என்ற சூடான காற்று வீசுகிற எங்கள் ஊரில் நிழலில்லாத நடைபாதையில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு யாரும் நடக்க மாட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் வரைபடத்தில் குறித்து வைக்கிறேன்.

ஒரே ஒரு துண்டு

முழு நகரத்தையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். 500 மீற்றர் நீளமான ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு பாடசாலை, ஒரு பஸ் தரிப்பிடம், சில கடைகள் இருக்கட்டும். அந்தத் துண்டைக் குறையில்லாமல் செய்து முடியுங்கள். ஊர் முழுக்க அங்கொரு கோடும் இங்கொரு பலகையும் வைப்பதால் யாருடைய பயணமும் மாறாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அந்த 500 மீற்றருக்குள் என்ன செய்வது?

முதலில் வேகம். நகருக்குள் வேக எல்லை பொதுவாக 50 கிலோமீற்றர். நடப்பவரும் சைக்கிளும் வாகனங்களோடு கலக்கிற இடத்தில் 30க்கு மேல் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பலகை மட்டும் வைத்தால் யாரும் குறைக்க மாட்டார்கள். சந்தியின் மூலையை இறுக்கி வளைவைச் சிறிதாக்குங்கள், பாதசாரிக் கடவையை நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்குங்கள். வாகனம் தானாகவே மெதுவாகும். கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால் எல்லோரும் பிரேக் பிடித்து நின்று வழிவிடுகிற ஊர் இது. வேகம் குறைப்பது நமக்குப் புதிய பழக்கமில்லை.

அடுத்தது நடைபாதை. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போக 1.8 மீற்றர் வேண்டும். அந்த அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் மின்கம்பம் நின்றால் அது 1.8 மீற்றர் இல்லை. கானை மூடிய சிலாப்தான் இங்கே பல இடங்களில் நடைபாதை. ஆகவே சிலாப் ஆடாமல், உடையாமல், நீர் இறங்கும் வழியோடு இருக்கிறதா என்று மழைக்கு முன் ஒவ்வொன்றாக மிதித்துப் பாருங்கள். கடை வாசலுக்கு மோட்டார் சைக்கிள் ஏறுவதற்காக நடைபாதையை வெட்டிச் சாய்க்க விடாதீர்கள். ஒருவருக்கு விட்டால் பத்துப் பேர் வருவார்கள்.

நடைபாதை வியாபாரிகளைத் துரத்துவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் இருக்கிற வீதியில்தான் இரவு எட்டு மணிக்கும் ஒரு பெண் தைரியமாக நடக்கிறாள். கம்பம், மரம், வியாபாரி மூன்றுக்கும் வீதியோரமாக ஒரு பட்டையை ஒதுக்கி வர்ணம் பூசி இலக்கமிடுங்கள். நடக்கிற பட்டை உள்பக்கம் இருக்கட்டும்.

சைக்கிள் பற்றி. எரிபொருள் தட்டுப்பாட்டால் 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டைக்கு அளவாக எரிபொருள் கொடுக்கத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர். அந்த நாட்களில் சைக்கிளில் ஊர் எப்படி ஓடியது என்று எல்லோரும் பார்த்தோம். உவர்மலையையும் கோணேசர் கோயில் மலையையும் விட்டால் டவுன் பெரும்பாலும் சமதரை. அந்தச் சைக்கிள்கள் இன்னும் வீடுகளில் நிற்கின்றன. விழிப்புணர்வு ஊர்வலத்துக்குச் செலவழிக்கிற காசில், வேன் நிறுத்த முடியாதபடி 1.5 மீற்றர் அகலத்தில் ஒரு பாதையும், பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் பக்கத்தில் நிழலோடு பூட்டி வைக்க ஓர் இடமும் செய்யலாம்.

கொங்கிரீட் போடுவதற்கு முன் ஒத்திகை பாருங்கள். சென்னையில் பாண்டி பஜாரை 2019 இல் நடப்பவர்களுக்கான வீதியாகத் திறப்பதற்கு முன், தற்காலிகமாக அடைத்துச் சனத்தை நடக்க விட்டுப் பார்த்தார்கள். நமக்கும் இது தெரிந்ததுதான். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது வீதியை ஒதுக்கி, வாசலில் நிறைகுடம் வைத்து, தண்ணீர்ப்பந்தல் போட்டு, வயதானவர்களும் பிள்ளைகளும் நடுவீதியில் நிற்பார்கள். பஸ்ஸும் ஆட்டோவும் எந்த ஒழுங்கையால் சுற்றிப் போகும் என்று பொலிஸுக்கும் சாரதிகளுக்கும் நன்றாகத் தெரியும். அந்த மாற்றுவழி ஏற்பாட்டை எழுதி வாங்குங்கள். ஒரு ஞாயிறு காலையில் உங்கள் 500 மீற்றரில் அதையே செய்து பாருங்கள். பூச்சாடி, வர்ணம், கயிறு போதும். பிழையாகப் போனால் மறுநாள் எடுத்துவிடலாம்.

வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கடைக்கு வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று அவர்களையே ஒரு நாள் எண்ணச் சொல்லுங்கள். ஸ்பெயினில் பொண்டிவெத்ரா என்ற ஊர், 80 ஆயிரம் பேர் அளவில், 1999 முதல் பழைய நகர்ப்பகுதியை நடப்பவர்களுக்குக் கொடுத்தது. எங்கிருந்து எங்கே நடக்க எத்தனை நிமிடம் என்று ரயில் வரைபடம் போல ஒரு படமும் அச்சிட்டார்கள். நாமும் செய்யலாம்: மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து ரயில் நிலையம், கோட்டை வாசல், ஆஸ்பத்திரி, உவர்மலை. கடிகாரத்தோடு நீங்களே நடந்து, ஒரு பாட்டியையும் கூட்டிப் போய் அவர் எடுக்கிற நேரத்தை எழுதுங்கள்.

பஸ்ஸும் ஆட்டோவும்

புதிய பஸ் வாங்குவது சபையின் கையில் இல்லை. தரிப்பிடத்தில் நேர அட்டவணையை ஒட்டுவது இருக்கிறது. சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே அட்டவணையில் ஓடினால் ஒன்றையொன்று முந்தி ஓடுவதும், சனம் நிறையும் வரை நிற்பதும் குறையும். கிண்ணியா, நிலாவெளி வழிகளில் இதை முதலில் கேளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக் காலம், ஆகவே அந்த வழிக்கு இரண்டு அட்டவணை வேண்டும்.

ஆட்டோ சாரதிகளை எதிரிகளாக நினைக்காதீர்கள். வயதானவரை, நோயாளியை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரை வீடு சேர்ப்பது அவர்கள்தான். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஆனால் பஸ்ஸை மறைக்காமல் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கினால் சந்தியில் நிற்க மாட்டார்கள்.

காலமும் காசும்

சபையின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசெம்பர். அடுத்த ஆண்டுக்கான பாதீடு வருட முடிவில் நிறைவேறும். உங்கள் முன்மொழிவு செப்டெம்பருக்குள் போக வேண்டும். நவம்பரில் போனால் ஒரு வருடம் போய்விடும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி, அந்த மாதங்களில் தோண்டவோ வர்ணம் பூசவோ கூடாது. எண்ணுவதையும் கேட்பதையும் பெப்ரவரி முதல் ஜூன் வரை, ஒத்திகையை ஜூலையில், முன்மொழிவை ஓகஸ்டில், கட்டுமானத்தை அடுத்த வருடம் பெப்ரவரியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவுப் பட்டியலில் பராமரிப்புக்கென்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: யார் கூட்டுவது, யார் வர்ணம் புதுப்பிப்பது, உடைந்த சிலாப்பை எத்தனை நாளில் மாற்றுவது.

செய்த பிறகு

ஒரு வருடம் கழித்து அதே கிழமை, அதே நேரம், அதே சந்தியில் நின்று திரும்ப எண்ணுங்கள். முன்பு படம் எடுத்த அதே இடத்திலிருந்து படம் எடுங்கள். நான்கு விஷயம் பாருங்கள்: பெரியவர் துணையில்லாமல் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள் எத்தனை, சைக்கிள் எத்தனை, தரிப்பிடத்தில் காத்திருப்பு எத்தனை நிமிடம், அந்தத் துண்டில் காயப்பட்டவர் எத்தனை பேர். நிலைமை மோசமாகியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். எது பிழையாகப் போனது என்று தெரியாமல் அடுத்த 500 மீற்றருக்குப் போகக் கூடாது.

எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுங்கள். எண்ணிக்கைத் தாள், சொந்தக்காரர் பெயர் எழுதிய வரைபடம், ஒத்திகைப் படங்கள், கூட்டக் குறிப்பு எல்லாம். ஒன்று சபையில், ஒன்று கச்சேரியில், மூன்றாவது பொது நூலகத்தில், யாரும் கேட்டு வாசிக்கிற மாதிரி. பொறியியலாளர் மாறுவார், செயலாளர் மாறுவார், உறுப்பினரும் மாறுவார். புதிதாக வருகிறவர் கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்தால் எந்தச் சந்தி, எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது அங்கே இருக்க வேண்டும்.